ஏழு போட்ட நாட்கள்

கரமனை,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள அத்தானுக்கு,

அஸ்வதி எழுதுவது. இங்கே நான் நலம், அத்தையும் நலம். மற்றதையெல்லாம் படிப்பதற்கு முன்னால் இந்த வரியை ஒருமுறைக்கு இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை முதல் ஆப்பிலிருந்து உங்கள் போனுக்கு என் எண் வரவில்லை. ஆப் கெட்டுப்போகவில்லை, நெட்டிலும் கோளாறு இல்லை. நான்தான் உங்களுக்குக் காட்டுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்தவில்லை. தினமும் எண் போடுவதையும் நிறுத்தவில்லை. நேற்று மாளவிகா டாக்டரைப் பார்த்து இதைச் சொல்லியும்விட்டேன். அவர் என் எண்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே யாரும் பதற வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் போன் போட வேண்டாம், ஸ்ரீஜித்தை ஸ்கூட்டர் எடுக்கச் சொல்லவும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது, நன்றாக இருக்கிறேன், விவரம் கடிதத்தில் வரும் என்று மட்டும் சொன்னேன். கடிதமா என்று நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் நான் புறா விடப்போகிறேன் என்று நினைத்தது போலிருந்தது. போனில் சொன்னால் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் வழி சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். வாட்ஸாப்பில் எழுதினால் பாதியிலேயே ஒரு கட்டைவிரல் வந்து விழும். தாளில் எழுதினால் நீங்கள் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். இது கையில் கிடைக்கும்வரை தினமும் சாயங்காலம் ‘சாப்பிட்டாச்சு’ என்று மெசேஜ் போடுகிறேன். அதற்கு மேல் இப்போதைக்கு ஒன்றும் கேட்காதீர்கள்.

இங்கே மழை விட்டபாடில்லை. ஆற்றில் தண்ணீர் கலங்கி ஓடுகிறது, படித்துறையில் கீழ்ப்படிகள் தெரியவில்லை. மிக்ஸி ஜாரைச் சாலைக் கடைத்தெருவில் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன், கடைக்காரர் நாளை என்கிறார், எந்த நாளை என்று சொல்வதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு முழுச் சக்கையை, பழுத்த பலாவை, கொடுத்துவிட்டார்கள். அத்தை பாதியை அன்றைக்கே எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டு மீதியை வெல்லம் போட்டுக் கிளறி வரட்டி செய்ய என்று எடுத்து வைத்தார்கள். முட்டுவலிக்காரி அடுப்பு முன்னால் அவ்வளவு நேரம் நிற்கலாமா என்று கேட்டேன். சக்கைக்கு முட்டுவலி தெரியுமா என்று கேட்டார்கள். 

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும். போன வருஷம் பள்ளி திறந்த சமயம் நான் படுத்துவிட்டேன். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். தலை பின்னுவதே மலையைப் புரட்டும் வேலையாக இருந்தது. நீங்கள் வேலை பார்க்கும் தாஹேஜிலிருந்து அவ்வளவு தூரம் ஓடி வந்து என்னை மாளவிகா டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனீர்கள். இது மனச்சோர்வு, மருந்து இருக்கிறது, காரணம் தேடி அலைய வேண்டாம் என்று அவர் சொன்னார். அவர்தான் இந்த ஆப்பைப் போனில் போட்டுத் தந்தவர். தினமும் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண், அதன் கீழே இரண்டு வார்த்தை. உங்களுக்கு வேண்டிய ஒருவர் இதைக் கூடவே பார்த்துக்கொண்டிருந்தால் நல்லது என்றார். யாருக்குக் காட்ட வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. உங்கள் பெயரைப் போட்டேன்.

முதலில் அது எனக்கு எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. எப்படி இருக்கே என்று நீங்கள் கேட்க, நல்லா இருக்கேன் என்று நான் பொய் சொல்ல வேண்டிய அவஸ்தை போயிற்று. நாலு என்று போட்டுவிட்டால் போதும், வாயைத் திறக்காமலே உங்களுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டு, பருப்பில் சர்க்கரை போடுகிற உங்கள் மெஸ்காரரைப் பற்றித் திட்டித் தீர்ப்பீர்கள். நான் ம் கொட்டிக்கொண்டு படுத்திருப்பேன். அந்தத் திட்டைக் கேட்டுத்தான் நான் பாதி எழுந்தேன் என்று டாக்டரிடமே சொல்லியிருக்கிறேன்.

பிறகு எங்கேயோ அது மாறிப்போயிற்று. நீங்கள் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிற ஆள். ரீடிங் கோட்டுக்குள் இருந்தால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, கோட்டைத் தாண்டினால் உடனே ஆளை அனுப்ப வேண்டும், அதுதான் உங்கள் வேலை. என் எண் நாலுக்குக் கீழே போனால் போன் கத்துகிற மாதிரி செட் பண்ணி வைத்திருப்பதாக ஒருநாள் பெருமையாகச் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். அந்தச் சமயத்தில் நான் ஒரு பாய்லர் ஆகிவிட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

மே மாசம் ஒருநாள் ஏழு போட்டேன், அத்தான். அதன் கீழே இரண்டு வார்த்தை போதாமல் நாலு வரி எழுதினேன். கரமனைப் பாலத்தில் நடந்து வந்தேன், பசி எடுத்தது, அத்தையிடம் கேட்டு வாங்கி இரண்டு தோசை சாப்பிட்டேன், இன்னொன்று கேட்கக் கூச்சமாக இருந்தது என்று. பசி எடுத்தது எனக்குப் பெரிய செய்தி. நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று போனைச் சமையல்கட்டிலும் கொல்லையிலும் கூடவே தூக்கிக்கொண்டு திரிந்தேன். போன் வரவில்லை. அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். நான் ஏழு போட்ட நாட்களில் உங்களிடமிருந்து போனே வருவதில்லை. ஆறுக்கும் இல்லை, ஐந்துக்கும் இல்லை. மூன்று என்றால் மட்டும் பத்து நிமிஷத்துக்குள் வந்துவிடும். நான் நன்றாக இருப்பது உங்களுக்கு ஓய்வு நேரமாகிவிட்டது.

போன மாசம் ஒருநாள் எனக்கு ஒரு குறையும் இல்லை, உங்கள் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். நான் கூப்பிட்டால் நீங்கள் ஷிப்டில் இருப்பீர்கள், என்ன ஆச்சு என்று பதறுவீர்கள். ஆப்பைத் திறந்தேன். அன்றைய நிலவரத்துக்கு ஆறு போட வேண்டும். என் விரல் மூன்றின் மேல் போய் நின்றது. மூன்று போட்டால் கூப்பிடுவார், பேசலாம். போடவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட பயம் சாதாரணமானதல்ல. டாக்டர் மாத்திரை கூட்டுவதும் குறைப்பதும் அந்த எண்ணை நம்பித்தான். நாளைக்கு நானே எது நிஜ மூன்று, எது உங்களுக்காகப் போட்ட மூன்று என்று தெரியாமல் நிற்பேன். நிறுத்தி வைக்க வேண்டும் என்று முதலில் தோன்றியது அன்றைக்குத்தான். மனசு வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

அதற்கு மேல் தள்ளிப்போட முடியாதபடி இந்தப் புதன்கிழமை வந்தது. அன்று காலையில் நான் போட்டது நிஜமான மூன்றுதான். அதன் கீழே, ‘கடைவாய்ப் பல். சாயங்காலம் டாக்டரிடம் போகிறேன்’ என்று எழுதியிருந்தேன். நீங்கள் எண்ணைப் பார்த்தீர்கள், பல்லைப் பார்க்கவில்லை.

நான் ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். போன் ஸ்டாஃப் ரூமில் பைக்குள் கிடந்தது. ஹெச்.எம். டீச்சர் தானே வகுப்பு வாசலுக்கு வந்து, வீட்டிலிருந்து அவசரமாக விளித்தார்கள், உடனே திரும்ப விளிக்கச் சொன்னார்கள் என்று மலையாளத்தில் சொன்னார். அத்தை போய்விட்டார்கள் என்றே நான் நினைத்தேன். ஓடிப்போய் அத்தைக்கு அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. அதற்குள் கேட்டில் ஸ்ரீஜித், மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறான். ஊரில் உங்களுக்கு இருக்கிற ஒரே நண்பன், பாவம், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். சேச்சிக்குக் குழப்பம் ஒன்றும் இல்லையே, போன வருஷத்து மனச்சோர்வு திரும்பிவிட்டதோ என்று நம்பிதான் போய்ப் பார்க்கச் சொன்னான் என்று உங்கள் பெயரைச் சொல்கிறான், ஹெச்.எம்.மையும் வைத்துக்கொண்டு.

மத்தியானத்துக்குள் ஸ்டாஃப் ரூமுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. போன வருஷம் நான் லீவு போட்டது எதற்கு என்று அவர்களுக்கு இத்தனை நாள் தெரியாது. டைபாய்டு என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருவர் ஜாதகம் கேட்டார். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு குழந்தை பிறந்தால் இதெல்லாம் பறந்துவிடும் என்றார். பதில் சொல்லியிருப்பேன், வாயைத் திறந்தால் பல் குடைந்தது.

வீட்டுக்கு வந்தால் அத்தை முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். நெற்றியில் சந்தனம், புடவைக் கரையெல்லாம் சேறு. இந்த மழையில், அந்த முட்டோடு, பஸ் பிடித்துப் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைக்கப் போயிருக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. நீங்கள் அவர்களைக் கூப்பிட்டு, அச்சுவுக்கு இன்றைக்குச் சுகமில்லை, என்னவென்று கேட்காதே, சும்மா பார்த்துக்கொள் என்பீர்களாம். அவர்களும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பிப் போய் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு வந்துவிடுவார்களாம். உங்களுக்கு மட்டும் என்று நான் போட்ட மூன்றெல்லாம் பழவங்காடியில் தேங்காயாக உடைந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில், இது வெறும் பல்வலி, எனக்கு எதற்குத் தேங்காய், இனிமேல் எனக்காக யாரும் எங்கேயும் போக வேண்டாம் என்று சத்தம் போட்டுவிட்டேன். அத்தையிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல்தடவை.

அவர்கள் கோபிக்கவில்லை. சேலைக் கரையைப் பிழிந்துகொண்டே சொன்னார்கள். அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன்:

“உனக்குன்னு யாரு சொன்னா மக்களே? நீ என் கண்ணு முன்னால நடக்கே, திங்கே, ஒறங்குகே. உன்னப் பாத்தா எனக்குத் தெரியாதா? அவன் விளிக்கும்போ அவனுக்கக் கொரலு நடுங்குது. அதுக்காக்கும் நான் தேங்கா ஒடைக்கேன்.”

 பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்திருந்தபோதும் அதே நினைப்புத்தான். நீங்கள் கூப்பிடுகிற விதத்தை யோசித்துப் பார்த்தேன். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, தூங்கினியா. மூன்றும் முடிந்தால் ஒரு பெருமூச்சு. நீங்க எப்படி இருக்கீங்க என்றால், எனக்கென்ன என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். அந்த ‘எனக்கென்ன’வை ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கிறேன். கடைசியாக எப்போது சிரித்தீர்கள் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. மெஸ்காரரைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டீர்கள்.

அன்றைக்கு ஏழாம் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தது கடிதம் எழுதும் பாடம். நலம், நலமறிய ஆவல் என்று போர்டில் எழுதிப் போட்டு, என் நலத்தைச் சொல்வது பாதி, உன் நலத்தைக் கேட்பது மறுபாதி, ஒன்றை விட்டால் மார்க் குறையும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நம் இரண்டு பேருக்கும் நான் என்ன மார்க் போடுவது?

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அதைவிட உங்களை நினைத்துப் பயம் அதிகமாக இருக்கிறது. அந்த அலாரத்தை எடுத்துவிடுங்கள். என் எண் உங்களுக்குச் சொன்னது, அதை அத்தைக்கோ ஸ்ரீஜித்துக்கோ சொல்ல வேண்டுமானால் என்னிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நிஜமாகவே ஓர் ஆபத்து என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று டாக்டரும் நானும் பேசி வைத்திருக்கிறோம், அந்த நம்பரைத் தனியே அனுப்புகிறேன். அப்புறம், நீங்களும் அந்த ஆப்பைப் போட்டு, உங்கள் எண்ணைப் போட்டு, எனக்குத் திறந்து வையுங்கள். அதைப் பார்த்த பிறகு என் பக்கத்தைத் திறப்பேன். பேரம் என்று நினைத்தாலும் சரி.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பருப்பில் சர்க்கரை இருந்தாலும் சாப்பிடுங்கள். பழவங்காடியான் உங்களுக்குத் துணை இருக்கட்டும், அவனுக்கு நாம் செய்ய வேண்டியதை அத்தை குறையில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

என்றும் உங்கள்
அஸ்வதி.

பி.கு. பல்லுக்கு வேர்ச் சிகிச்சை ஆரம்பித்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு தடவை போக வேண்டும்.


தாஹேஜ்,
திங்கட்கிழமை.

அன்புள்ள அச்சுவுக்கு,

நம்பி எழுதுவது. நலம் என்று எழுதிவிட்டு அடித்தேன், அடித்தது உனக்குத் தெரியும்படி அப்படியே விட்டிருக்கிறேன். வியாழக்கிழமை, சார், உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று டவுன்ஷிப் செக்யூரிட்டி போன் பண்ணிச் சொன்னான். கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு தமிழில் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல்தடவை, தப்பு இருந்தால் சிவப்பு மையால் திருத்திக்கொள்.

அலாரத்தை எடுத்துவிட்டேன். எடுத்த அன்று பூராவும் கை தன்பாட்டில் பாக்கெட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் நடந்ததற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. டைபாய்டு என்று நீ சொல்லி வைத்திருந்ததை ஒரே போனில் கெடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள். அலாரத்தில் எண் மட்டும்தான் வரும். அதைத் தட்டித் திறந்தால் கீழே நீ எழுதியது தெரியும். நான் திறந்ததே இல்லை, அச்சு. எண் வந்ததும் போனைத்தான் எடுப்பேன். இரண்டு தோசை சாப்பிட்டதை இந்தக் கடிதத்தில்தான் படித்தேன். மூன்றாவது கேட்டிருந்தால் அம்மா சந்தோஷமாகச் சுட்டுத் தந்திருப்பாள்.

ஏன் இப்படி ஆனேன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிளாண்டில் ஒரு ரீடிங் ஏறி இறங்கினால் எங்களுக்குப் பயமில்லை. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால்தான் பயம், மீட்டர் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம், உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. போன வருஷம் நீ தினமும் நல்லா இருக்கேன் என்று சொன்னாய். ஒரே குரலில் ஒரே மாதிரி சொன்னாய். இதே வேலையைப் பார்க்கிற நான் சரி சரி என்று வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கூப்பிட்டு, அவள் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள், நீ வா என்று சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் ரூமிலும் அலாரம் கேட்கிறது. எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

நீ சொன்னபடி ஆப்பைப் போட்டேன். முதலில் ஏழு போட்டேன், ஆண்பிள்ளைக்கு ஒரு ஏழாவது வேண்டாமா. அழித்துவிட்டு ஐந்து போட்டேன். அதையும் அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் போட்டது மூன்று. கீழே ‘தூக்கம்’ என்று ஒரு வார்த்தை. உனக்குத் திறந்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் வருவதற்குள் நீ பார்த்திருப்பாய். அந்த ஒரு எண்ணை உனக்குக் காட்ட எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதில், நீ ஒரு வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தாய் என்று புரிந்தது.

கம்பெனி டாக்டரிடம் போக மாட்டேன், தூக்கமில்லை என்று தெரிந்தால் கண்ட்ரோல் ரூம் பேனலை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். தூங்காமல் பேனலில் உட்காருவது அதைவிட மோசம் என்று எனக்கே தெரியும். பக்கத்து ஊரான பரூச்சில் ஒரு டாக்டர் இருக்கிறாராம். இந்த வாரம் போகிறேன். அதுவரை ஷிப்டை மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று. விஷுவுக்கு வராததற்கு ஷிப்டுக்கு ஆள் இல்லை என்று சொன்னேன் அல்லவா, அது பொய். லீவு இருக்கிறது. போன வருஷம் வந்ததோடு சரி, பிறகு ஒரு நாள்கூட எடுக்கவில்லை. உனக்கு மறுபடியும் முடியாமல் போனால் அன்றைக்குக் கையில் லீவு இல்லாமல் நிற்கக் கூடாது என்று சேர்த்து வைத்திருக்கிறேன்.

என் மூன்றை அம்மாவிடம் சொல்லிவிடாதே. அவள் முட்டு தாங்காது.

அன்புடன்
அழகியநம்பி.


கரமனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். உங்கள் நலத்தைத் தினமும் பார்க்கிறேன், அதனால் இந்தத் தடவை அந்த மறுபாதி எனக்குக் காகிதத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. உங்கள் கடிதத்தில் சிவப்பு மைக்கு வேலை இல்லை. ஒரு ‘நலம்’ மட்டும் அடித்திருக்கிறது, அதைத் திருத்த என்னால் முடியாது.

உங்கள் மூன்றை நான் பார்த்தது ஸ்டாஃப் ரூமில். பெரிய மனுஷிமாதிரி உங்களுக்கு அத்தனை உபதேசம் எழுதியவள் என்ன செய்தேன் தெரியுமா? உடனே உங்களைக் கூப்பிடப் போனேன். கூப்பிடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டேன். அடுத்த பீரியடுக்குள் உங்கள் டவுன்ஷிப் செக்யூரிட்டியின் நம்பரை எங்கிருந்தோ தேடி எடுத்துவிட்டேன். ஆளை அனுப்பி எட்டிப் பார்க்கச் சொல்லலாமா என்று யோசிக்கும்போதுதான் எனக்கே சிரிப்பு வந்தது. கீழே நீங்கள் எழுதியிருந்த அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தேன். சாயங்காலம் கிழக்கே கோட்டை ஸ்டாப்பில் பஸ் ஏற வேண்டியவள் நேரே பழவங்காடிக்கு நடந்தேன். தேங்காய் வாங்கி ஓங்கி எறிந்தேன். நன்றாகவே உடைந்தது. அதற்குப் பிறகுதான் என் கை போனைத் தேடுவதை விட்டது. அத்தை எதற்குப் போகிறார்கள் என்று அங்கே நின்றபோது தெரிந்துகொண்டேன்.

அத்தையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நெற்றிச் சந்தனத்தைப் பார்த்துவிட்டுச் சோறு போட்டார்கள். சாப்பிட்டு முடித்து, முட்டுக்குத் தைலம் தேய்க்கக் கிண்ணத்தை என்னிடம் நீட்டிக்கொண்டு, அவன் எப்படி இருக்கான் என்றார்கள். தூக்கம் குறைவு, டாக்டரிடம் போகச் சொல்கிறேன் என்றேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபிக்காதீர்கள், எண்ணைச் சொல்லவில்லை. அவர்கள் சரி என்று காலை நீட்டிக்கொண்டார்கள்.

நேற்று நீங்கள் ஐந்து போட்டு, ‘பரூச் போனேன். டாக்டர் சின்ன வயசு. காது கொடுத்துக் கேட்டார். திரும்பும்போது பசித்தது’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பசியைப் படித்துவிட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டேன். ஐந்துக்கு எதற்குப் போன் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் என்றேன். அதற்குப் பிறகு மெஸ்காரர் ஒருவழியாகத் திட்டு வாங்கினார், எனக்கு வயிறு நிறைந்தது.

இன்று காலை என் பக்கத்தைத் திறந்துவிட்டேன். பார்த்திருப்பீர்கள், ஏழு. பல் வலி போய்விட்டது. மிக்ஸி ஜாரும் வந்துவிட்டது, இந்தத் தடவை மூடியை அவர்கள் கடையிலேயே விட்டுவிட்டார்கள். சக்கை வரட்டி ஆறிவிட்டது. அத்தை அதைப் பாட்டிலில் போட்டு, இது நம்பிக்கு என்று சொல்லி மேல் தட்டில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தொட அனுமதி இல்லை. ஹெச்.எம். டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, தன் தங்கையும் இதே மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னார். ஸ்டாஃப் ரூமில் இப்போது டைபாய்டு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், அத்தான். அந்த லீவை எனக்கு முடியாத நாளுக்கு என்று பூட்டி வைக்காதீர்கள். அப்படி ஒரு நாள் வந்தால், லீவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் நீங்கள் அவ்வளவு தூரம் வந்து என் பக்கத்திலேயே இருந்தீர்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். என்ன சட்டை போட்டிருந்தீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. உங்கள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

ஏழாக இருக்கும்போது ஒருதடவை வாருங்கள். ரயில் வந்து சேருவதற்குள் அது ஐந்தாகிப் போனாலும் போகட்டும், உங்களுக்கு நாலாக இருந்தாலும் இருக்கட்டும். நீங்கள் தம்பானூரில் இறங்கும்போது நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். தலை பின்னிக்கொண்டு வந்து நிற்பேன்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
அஸ்வதி.